வழுவா, வழக்கா? சைனாடவுனில் ஓர் ஆங்கில வாக்கியம்



ஆங்கில இலக்கணத்தைப் பற்றித் தமிழில் பேச வேண்டும் என்று கேட்டபோது முதலில் தயங்கினேன். யோசிக்க யோசிக்க, தமிழில் பேசுவதுதான் பொருத்தம் என்று பட்டது. ஒரு வாக்கியம் எதனால் சரியாகிறது, எதனால் பிழையாகிறது என்ற கேள்வியை நம் இலக்கணக்காரர்கள் மிக நுணுக்கமாகக் கையாண்டிருக்கிறார்கள். அவர்கள் உண்டாக்கி வைத்த சொற்கள் இல்லாவிட்டால் இன்று நான் சொல்ல வந்ததைச் சொல்லவே முடியாது.

இந்த அரங்கிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் சிங்கப்பூர் சைனாடவுனின் சவுத் பிரிட்ஜ் ரோடு. அங்கே ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1819-ல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827-ல் நிறுவியது. கோயிலுக்கு ஒரு பக்கம் பகோடா ஸ்திரீட், மறுபக்கம் டெம்பிள் ஸ்திரீட். இரண்டு தெருவுக்கும் பெயர் தந்தது நம் அம்மன் கோயில்தான். நம் கோபுரம் மற்றவர்கள் வாயில் பகோடா ஆயிற்று.

இந்த வட்டாரத்தின் மலாய்ப் பெயர் கிரேத்தா ஆயர். கிரேத்தா என்றால் வண்டி, ஆயர் என்றால் தண்ணீர். ஆன் சியாங் குன்றிலும் ஸ்பிரிங் ஸ்திரீட்டிலும் இருந்த கிணறுகளிலிருந்து மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த காலத்துப் பெயர் அது. சீனர்களும் மாடு, வண்டி, தண்ணீர் என்ற மூன்று சொற்களைச் சேர்த்தே இந்த இடத்தைச் சொல்கிறார்கள். நாம் 'தண்ணீர் வண்டி' என்போம். ஆங்கிலத்திலும் தண்ணீர் முன்னால், வண்டி பின்னால். மலாயில் வண்டி முன்னால், தண்ணீர் பின்னால். மலாய்க்காரர் சொல்லைத் தலைகீழாக வைத்துவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. அவர் மொழியில் அடை பின்னால்தான் வரும். அது அவர் மொழியின் ஒழுங்கு.

அதே தெருக்களில் ஓர் உணவங்காடி நிலையத்துக்குப் போய், பானம் விற்பவரிடம் நில்லுங்கள். "கோப்பி ஓ கோசோங் பெங்" என்று ஒருவர் கேட்கிறார். பால் இல்லை, சீனி இல்லை, ஐஸ் போட்ட காப்பி. கோப்பியும் கோசோங்கும் மலாய். ஓவும் பெங்கும் ஹொக்கியன். இரண்டு மொழிகளின் நான்கு சொற்களை எந்தப் பள்ளியும் சொல்லித்தராமலேயே இந்த ஊர்க்காரர் மலாய் ஒழுங்கில் அடுக்குகிறார்: பொருள் முதலில், அதன் தன்மைகள் பிறகு. நம் பரோட்டாக் கடையிலும் "பரோட்டா கோசோங்" என்றுதான் கேட்கிறோம். "கோசோங் கோப்பி" என்று யாராவது சொன்னால் கடைக்காரருக்குப் புரியும். ஆனால் சொன்னவர் வெளியூர்க்காரர் என்பதும் உடனே புரிந்துவிடும். எந்த நூலிலும் எழுதாத ஒரு விதி மீறப்பட்டதைக் காது கண்டுபிடித்துவிட்டது. இலக்கணம் என்று நான் இன்று சொல்வது இந்தக் காதைத்தான்.

இனி என் வகுப்பறையில் நடந்த ஒன்று. முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்திருக்கிறேன். தொடக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில், ஒன்பது வயதுப் பையன் ஒருவன் தன் குடும்பத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினான். அதில் ஒரு வரி: "மை சிஸ்டர் கோ ஸ்கூல் ஆல்ரெடி." சிவப்புப் பேனாவால் அடித்து, மேலே "மை சிஸ்டர் ஹேஸ் ஆல்ரெடி கான் டு ஸ்கூல்" என்று எழுதிக் கொடுத்தேன். பையன் நோட்டை எடுத்துக்கொண்டு திரும்ப வந்தான். "இல்லை டீச்சர், அவள் வீட்டில்தான் இருக்கிறாள்" என்றான்.

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. அவன் தங்கைக்கு அந்த ஆண்டுதான் ஏழு வயது. தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்திருந்தாள். 'என் தங்கை இப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள், பெரியவளாகிவிட்டாள்' என்பதைத்தான் அவன் பெருமையாக எழுதியிருந்தான். நான் அதை 'என் தங்கை பள்ளிக்குப் போய்விட்டாள், வீட்டில் இல்லை' என்று மாற்றிவிட்டேன். அவன் வாக்கியம் ஆங்கிலப் பாடநூலின்படி பிழை, ஆனால் உண்மை. என் வாக்கியம் பாடநூலின்படி சரி, ஆனால் பொய். அந்தச் சிவப்புக் கோட்டை இன்றுவரை நான் மறக்கவில்லை. இந்தச் சொற்பொழிவே அதற்கான பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 'ஆல்ரெடி' எங்கிருந்து வந்தது? சீன மொழியில் வாக்கியத்தின் கடைசியில் 'லெ' என்று ஓர் இடைச்சொல் வரும். ஒரு நிலை மாறி வேறு நிலை வந்துவிட்டது என்பதை அது சொல்லும். மழை பெய்யத் தொடங்கினாலும் 'லெ', சாப்பிட்டு முடித்தாலும் 'லெ'. மலாயில் அதற்கு 'சுடா' இருக்கிறது, வினைக்கு முன்னால் வரும். தமிழில் நாம் "சாப்பிட்டாச்சு", "மழை வந்துருச்சு" என்கிறோம். ஆச்சும் விடுவும் செய்யும் வேலையை, சிங்கப்பூர் ஆங்கிலத்தில் 'ஆல்ரெடி' செய்கிறது. "ரெயின் ஆல்ரெடி" என்றால் மழை வந்துருச்சு. "ஐ ஈட் ஆல்ரெடி" என்றால் சாப்பிட்டாச்சு. மூன்று மொழிப் பாட்டிமார்கள் ஒரே அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் பேசிக்கொண்டபோது, மூவருக்கும் தேவைப்பட்ட ஒரு பொருளுக்கு ஆங்கிலத்திலிருந்து ஒரு சொல்லைப் பிடித்துப் போட்டார்கள். அந்தப் பையனின் வாக்கியத்தில் இலக்கணம் இருந்தது. அந்த இலக்கணம் என் பாடநூலில் இல்லை.

'கேனா' என்ற மலாய்ச் சொல்லைப் பாருங்கள். "ஹீ கேனா ஸ்கோல்டட்" என்றால் அவன் திட்டு வாங்கினான். ஆங்கிலத்தின் செயப்பாட்டு வினை திட்டுக்கும் பாராட்டுக்கும் ஒன்றுதான், வேறுபாடு காட்டாது. கேனா அப்படியில்லை. திட்டு, அடி, அபராதம் என்று ஒருவன் தலையில் வந்து விழும் கெட்டதற்குத்தான் அது பொதுவாக வரும். பாராட்டுக் கிடைத்தவனைப் பற்றி அப்படிச் சொன்னால் இந்த ஊர்க் காதுக்கு உறுத்தும். தமிழில் "அடிபட்டான்", "கடிபட்டான்", "சிரமப்பட்டான்" என்னும்போது 'படு' என்ற சொல்லின் அடியில் கிடக்கும் துன்பம் இதோடு ஒட்டியது. கேனாவை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று இங்கே பிறந்த குழந்தைக்குத் தெரியும். விதி இருக்கும் இடத்தில்தான் விதிமீறலும் இருக்க முடியும்.

இங்கேதான் நம் இலக்கண நூல்கள் கைகொடுக்கின்றன. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயல் கிளவியாக்கம். அங்கே பேசப்படுவது வழு என்னும் பிழை இல்லாத வழாநிலையும் வழுவமைதியும். நன்னூலில் பவணந்தியார் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழு ஏழு என்கிறார். இவற்றில் கடைசியாக நிற்கும் மரபைக் கவனியுங்கள். ஒரு பொருளை உலகத்தார் எப்படிச் சொல்லி வருகிறார்களோ அப்படிச் சொல்வது மரபு, மாற்றினால் வழு. யானை மேய்ப்பவன் பாகன், ஆடு மேய்ப்பவன் இடையன். இதை மாற்றிச் சொன்னால் ஏன் தவறு? உலகம் அப்படிச் சொல்வதில்லை; காரணம் அவ்வளவுதான்.

வழுவமைதி இன்னும் பெரிய சொல். விதிப்படி வழுதான், ஆனால் சொல்பவனின் மனநிலையோ நோக்கமோ அதற்கு நியாயம் தருவதால் ஏற்கப்படுகிறது. பசுவைப் பார்த்து மகிழ்ச்சியில் 'என் அம்மை வந்தாள்' என்பது பள்ளி நாளிலிருந்து நாம் அறிந்த எடுத்துக்காட்டு. வீட்டு வாசலில் நின்று யாராவது கூப்பிட்டால், உள்ளே இருந்தபடியே "இதோ வந்துட்டேன்" என்கிறோம். இன்னும் எழுந்திருக்கக்கூட இல்லை. எதிர்காலச் செயலுக்கு இறந்தகாலம். விரைவு என்ற காரணம் காட்டி நம் இலக்கணம் அதை அமைத்துக்கொண்டது. 'இல்முன்' என்று இருக்க வேண்டியது 'முன்றில்' என்று முறை மாறியபோதும், அதை இலக்கணப்போலி என்று பெயரிட்டு உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். மக்கள் பேசியதைக் கேட்டு, எண்ணி, வகைப்படுத்தி, பிறகுதான் சட்டம் எழுதினார்கள். வழக்கு இல்லாமல் இலக்கணம் இல்லை என்பது அவர்கள் கட்டிய வீட்டின் அஸ்திவாரம்.

ஆங்கிலத்தின் கதையும் உள்ளே போய்ப் பார்த்தால் வேறு மாதிரி இல்லை. பழைய ஆங்கிலத்தில் நம் தமிழைப் போலவே பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. அவை தேய்ந்து போன பிறகு, யார் யாரை அடித்தார் என்று காட்டச் சொற்களின் இடமே துணை ஆனது. "மான் புலியைப் பார்த்தது", "புலியை மான் பார்த்தது" இரண்டும் நமக்கு ஒன்றுதான், 'ஐ' காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் இடம் மாறினால் பார்ப்பதும் பார்க்கப்படுவதும் மாறிவிடும். எழுவாய் இல்லாமலும் அங்கே வாக்கியம் நிற்காது. மழை பெய்வதைச் சொல்லக்கூட, பொருளே இல்லாத 'இட்' ஒன்றை எழுவாய் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். நாம் "முடியும்" என்று ஒற்றைச் சொல்லில் முடிப்போம். தோன்றா எழுவாய் நமக்குப் பழக்கம். லண்டன்காரர் "யெஸ், ஐ கேன்" என்பார். சிங்கப்பூர்க்காரர் "கேன்" என்று நிறுத்திக்கொள்வார். கேட்பவர் தமிழரானாலும் சீனரானாலும் மலாய்க்காரரானாலும் அது முழு வாக்கியம்.

லண்டன் ஆங்கிலத்துக்கும் சட்டமன்றம் எதுவும் இல்லை. பிரெஞ்சுக்கு 1635-லிருந்து ஒரு மொழிக்கழகம் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அப்படி ஒன்று அமையவே இல்லை. 1762-ல் ராபர்ட் லௌத் எழுதிய இலக்கணச் சிறுநூல் 'யூ வாஸ்' என்பதைக் கண்டித்தது. அந்த நூற்றாண்டில் படித்தவர்களே ஒருவரைப் பார்த்து அப்படி எழுதி வந்தார்கள். பன்மைக்கு இருந்த 'யூ' ஒருமைக்கும் வந்துவிட்டதே, வினையும் ஒருமையாகட்டும் என்ற இயல்பான நியாயம் அது. இன்று அதே சொற்றொடர் படிக்காதவர் பேச்சு என்று ஒதுக்கப்படுகிறது. சொற்றொடர் மாறவில்லை, அதைச் சொல்பவர்களின் மதிப்புத்தான் மாறியது.

1957-ல் மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி இந்தக் கேள்வியை வேறு பக்கமிருந்து எடுத்தார். இலக்கணம் சரியாக இருப்பதும் பொருள் சரியாக இருப்பதும் வேறு வேறு என்று காட்டினார். 'முயல் கொம்பு நேற்று மெதுவாகச் சிரித்தது' என்று நான் சொன்னால், பொருள் இல்லை என்பீர்கள். ஆனால் எழுவாய், அடை, பயனிலை எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதை ஒப்புக்கொள்வீர்கள். இதே சொற்களைக் கலைத்துப் போட்டால் அந்த ஒப்புதலும் போய்விடும். ஒரு மொழியைப் பிறப்பிலிருந்து பேசுபவர் மனத்தில் இருக்கும் அந்தத் தீர்ப்புதான் இலக்கணத்துக்கு ஆதாரம் என்பது அவர் காட்டிய வழி. அப்படியானால் சிங்கப்பூரில் ஆங்கிலத்தைப் பிறப்பிலிருந்து பேசுபவர் யார்?

இதற்கு எண்களே பதில் சொல்கின்றன. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 32.3 விழுக்காடு. 2020-ல் அது 48.3. தமிழ் 2.5. இங்கே ஆங்கிலம் இரவல் மொழி என்று இனிச் சொல்ல முடியாது. அந்தியா ஃபிரேசர் குப்தா 1994-ல் சிங்கப்பூர்க் குழந்தைகளின் ஆங்கிலத்தை ஆராய்ந்து எழுதிய நூலுக்கு 'தி ஸ்டெப் டங்' என்று பெயர் வைத்தார். மாற்றாந்தாய் மொழி என்று பொருள். இன்று பாதி வீடுகளில் அவள் பெற்ற தாயாகவே ஆகிவிட்டாள்.

அரசாங்கத்தின் கவலையையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 1999-ல் மூத்த அமைச்சர் லீ குவான் இயூ, சிங்லிஷ் எனப்படும் இந்தச் சிங்கப்பூர் ஆங்கிலத்தை ஓர் ஊனம் என்று பேசினார். அதே ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் கோ சோக் தோங், தொலைக்காட்சி நாடகத்தில் வரும் புவா சூ காங்கின் பேச்சைக் குறிப்பிட்டு வருந்தினார். நாடகத்தில் கட்டடக் குத்தகைக்காரரான புவா சூ காங் ஆங்கில வகுப்புக்கு அனுப்பப்பட்டார். 2000 ஏப்ரலில் நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கம் தொடங்கியது. வசதியான வீட்டுப் பிள்ளை இரண்டு ஆங்கிலமும் பேசும், வசதியில்லாத பிள்ளை சிங்லிஷோடு நின்றுவிடும், வேலைச் சந்தையில் அடிபடும் என்பதுதான் அந்தக் கவலையின் உள்ளீடு. அந்தக் கவலை பொய்யில்லை. அப்படி நின்றுவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நேர்முகத் தேர்வில் வாய் திறக்கக் கூசியவர்களை, கடிதம் எழுத இன்னொருவரைத் தேடியவர்களை.

ஆனால் 2021-ல் கொவிட் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்று எல்லா வீட்டுக்கும் சொல்ல வேண்டி வந்தபோது, அரசாங்கம் அழைத்தது அதே புவா சூ காங்கைத்தான். உயிர் காக்கும் செய்தி வேகமாகவும் நெருக்கமாகவும் போய்ச் சேர அந்த மொழி தேவைப்பட்டது. அது மூன்று தலைமுறை உழைத்து உண்டாக்கிய சொத்து.

அந்தச் சொத்தின் நுணுக்கத்தை ஒரே சொல்லில் காட்டுகிறேன். "கேன் லா" என்றால் முடியும், நீ கவலைப்படாதே. "கேன் லோர்" என்றால் சரி, முடியும், வேறென்ன செய்வது. "கேன் மே" என்றால் முடியுமாக்கும், எனக்கு நம்பிக்கையில்லை. "கேன் வாட்" என்றால் முடியுமே, ஏன் முடியாது என்கிறாய். பாடநூல் ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியம் வேண்டும், அப்போதும் குரல் ஏற்ற இறக்கத்தை நம்ப வேண்டும். தமிழருக்கு இது அந்நியமில்லை. முடியுமே, முடியுமோ, முடியும்தான், முடியுமாம், முடியுமாக்கும் என்று நாம் நாளெல்லாம் செய்வது இதைத்தான். தொல்காப்பியர் இடைச்சொல்லுக்கென்றே ஓர் இயல் ஒதுக்கி, ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள் சொன்னார், ஓகாரத்துக்கு ஆறு. அவர் இன்று சைனாடவுன் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கியிருந்தால், 'லா'வைக் குப்பை என்று தள்ளியிருக்க மாட்டார். எந்த இடத்தில் வருகிறது, எத்தனை பொருள் தருகிறது என்று கேட்டுக் குறித்திருப்பார். வாக்கியத்தின் தலையில் 'லா' வருவதில்லை என்பதே அவர் எழுதும் முதல் விதியாக இருக்கும். ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதியும் 2000-ல் 'லா'வைத் தன் இணையப் பதிப்பில் சேர்த்துக்கொண்டது.

நம்மவர்களின் ஆங்கிலத்திலும் இப்படி ஒளிந்து நிற்கும் தமிழ் உண்டு. "ஐ ஆம் லைக் தட் ஒன்லி" என்பதில் 'ஒன்லி' நம் 'தான்'. "நான் அப்படித்தான்" என்பதில் 'தான்' சொல்லுக்குப் பின்னால் நிற்பது போலவே அதுவும் பின்னால் போய் நிற்கிறது. "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்பதில் 'இருக்காங்க' என்ற நிகழ்காலம் எட்டிப் பார்க்கிறது. இவற்றைக் கேட்டுச் சிரிப்பவர்கள், சொன்னவருக்கு எந்த மொழி ஆழமாகத் தெரியும் என்பதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

அப்படியானால் எல்லாம் சரியா? இல்லை. 'தவறு' என்ற ஒரே சொல்லால் நாம் வெவ்வேறு காரியங்களைச் சுட்டுகிறோம், சிக்கல் அங்கேதான். "ஸ்கூல் தி கோ சிஸ்டர்" என்பது யாருடைய ஆங்கிலமும் இல்லை, அது வழு. "மை சிஸ்டர் கோ ஸ்கூல் ஆல்ரெடி" ஒரு வட்டாரத்தின் வழாநிலை. அதையே தேர்வுத்தாளில் எழுதினால் இடத்துக்குப் பொருந்தாது. வீட்டில் "வந்துட்டாங்க" என்று சொல்லி, கட்டுரையில் 'வந்துவிட்டார்கள்' என்று எழுதும் நமக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் பேசியதற்காக நம் தாயை நாம் திருத்தியதில்லை. 2005-ல் சிங்கப்பூரின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, கற்றோர் பேசும் பேச்சுத்தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்தது. எழுத்துத் தமிழ் அதனால் குறைந்துபோகவில்லை. தமிழுக்கு நாம் தந்த இந்த மரியாதையை, நம் பிள்ளைகளின் ஆங்கிலத்துக்கும் தரலாம்.

பாடநூல் ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். அதைக் கண்டிப்பாகக் கற்றுத்தர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வினையோடு 'எஸ்' சேர வேண்டும், காலம் தெளிவாகத் தெரிய வேண்டும், எழுவாய் நாற்காலியில் இருக்க வேண்டும். ஆனால் குழந்தைக்கு ஏற்கனவே தெரிந்த இலக்கணத்தை இல்லை என்று சொல்லிவிட்டு அதைக் கற்றுத்தர முடியாது. நோட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்த அந்தப் பையனிடம் இதை நான் கற்றேன். மறுநாள் கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடப்பக்கம் அவன் வாக்கியத்தை அப்படியே எழுதினேன். வலப்பக்கம் அவன் சொல்ல நினைத்ததை எழுதினேன்: "மை சிஸ்டர் ஹேஸ் ஸ்டார்ட்டட் ஸ்கூல்." இடப்பக்கத்தில் 'ஆல்ரெடி' செய்யும் வேலையை வலப்பக்கத்தில் எந்தச் சொல் செய்கிறது என்று கேட்டேன். வகுப்பில் பாதிப் பேர் கை தூக்கினார்கள். 'ஹேஸ்' எதற்கு வருகிறது என்பதை அந்த ஆண்டு நான் இரண்டாம் முறை விளக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை ஒரு பிள்ளையின் நோட்டில் இப்படி ஒரு வரி வந்தால், சிவப்புப் பேனாவைத் திறக்கும் முன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "நீ என்ன சொல்ல வந்தாய்?" என்று கேளுங்கள். பிறகு கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதுங்கள். பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன்: பாட்டியின் ஆங்கிலத்தைப் பேரப்பிள்ளை முன்னால் திருத்தாதீர்கள்.